தூசியா, பறவையா

போன மாதம் ஒரு பழைய 16 எம்எம் அகல ஃபிலிம் ரீலை ஸ்கேன் செய்து வாங்கினேன். சதுப்பு நிலம், விடிகிற நேரம். நாணல் மறைவுக்குள் இரண்டு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு நாய் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்கேன் செய்தவர் இரண்டு கோப்புகள் கொடுத்திருந்தார். ஒன்று ரீலில் இருப்பதை அப்படியே எடுத்தது, இன்னொன்று 'சுத்தம் செய்தது'. கீறலும் தூசியும் போய் இரண்டாவது கண்ணாடி மாதிரி இருந்தது, எனக்கு ஏக சந்தோஷம், அதையே வீட்டில் போட்டுக் காட்டினேன். மனைவி முந்தின நாள் அழுக்குக் கோப்பையும் பார்த்திருந்தாள். "நாய் தலையைத் தூக்கிப் பாக்கறப்ப மேல ஒரு கூட்டம் போச்சே, அது எங்க?" என்றாள்.

காணோம். நாய் தலையைத் தூக்குகிறது, தொப்பிக்காரர் சட்டென்று குனிகிறார், மூன்று ஜீவன்களும் வெறும் வானத்தைப் பார்த்துப் பதுங்குகின்றன. அழுக்குக் கோப்பைத் திறந்து அதே இடத்துக்குப் போனேன். இருக்கிறது. வலது மூலையிலிருந்து இடப்பக்கமாக, கடுகு சிதறினாற்போல ஒரு கூட்டம், இரண்டு விநாடிக்கும் குறைவு. தூசி நீக்கும் மென்பொருள் அத்தனை வாத்துகளையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. துப்பாக்கிக்காரர்களிடம் தப்பித்துப் போன கூட்டம் தொண்ணூறு வருஷம் கழித்து கம்ப்யூட்டரிடம் மாட்டிக்கொண்டது.

இதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத ஆரம்பித்ததும் பழைய பறவை வேட்டைப் படங்களை நான் தேடிப் பிடித்து வைத்திருக்கிற மொத்தக் கதையும் கூடவே வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. பறவை பார்க்கிறவன். பைனாகுலரும் குறிப்பேடுமாக அலைகிறவனுக்கு வேட்டைப் படத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள், 1920களிலும் 30களிலும் பனி விழுகிற விடியற்காலையில் சதுப்பு நிலத்தில் முழங்கால் தண்ணீரில் கேமராவோடு நின்றவர்கள் யார்? விஞ்ஞானிகள் சிலர். மீதிப்பேர் வேட்டைக்காரர்கள்தான். அந்தக் காலத்துப் பறவைகள் அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த டப்பாக்களைத்தான் திறக்க வேண்டும்.

தமிழில் 'சுட்ட படம்' என்றால் அடுத்தவன் கதையைத் திருடி எடுத்த படம். வேட்டைப் படத்துக்கு அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் சினிமாவின் வேரே அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே 1882-ல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். தோளில் வைத்து, பறக்கிற பறவையைக் குறிபார்த்து, விசையை இழுத்தால் உள்ளே ஒரு வட்டத் தட்டு சுழன்று விநாடிக்கு 12 படம் எடுக்கும். லூமியே சகோதரர்கள் திரை கட்டிப் படம் காட்டியது 1895-ல்தான். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே ஒரு மனிதர் பறவையைச் சுட்டிருக்கிறார், ஒரு இறகும் உதிரவில்லை.

சரி, எந்த மாதிரிப் படங்கள் கிடைக்கும்? நியூஸ்ரீல் என்கிற செய்திப் படங்கள், திரையரங்கில் முழுப் படத்துக்கு முன் ஓட்டிய குறும்படங்கள், துப்பாக்கி ரவை கம்பெனிகளும் அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளும் எடுத்து கிளப்புகளுக்கு இரவல் கொடுத்த படங்கள் எல்லாம் உண்டு. இவற்றுக்கெல்லாம் பல பிரதிகள் இருந்திருக்கும். என்னுடைய ஆசை அவற்றின் மேல் இல்லை, வீட்டுப் படங்கள் மேல்தான். கோடாக் 1923-ல் 16 எம்எம் கொண்டுவந்த பிறகு, வசதியுள்ளவர்கள் தங்கள் வேட்டைப் பயணங்களைத் தாங்களே எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் பாத்தே கம்பெனி 9.5 எம்எம் கொண்டுவந்திருந்தது, அதில் துளை ஓரத்தில் இருக்காது, இரண்டு படத்துக்கும் நடுவில் இருக்கும், ஒரு முறை பார்த்தால் மறக்காது. 1932-ல் 8 எம்எம், 1965-ல் சூப்பர் 8. கேமரா வாங்க முடிந்தவர்களும் நாய் வளர்த்து வேட்டைக்குப் போக முடிந்தவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள் என்பதால், அந்தக் கால வீட்டுப் படங்களில் கல்யாணம், கடற்கரை, குழந்தை நடை பழகுவது இவற்றுக்கு அடுத்தபடியாக நாயும் பறவையும் வந்துவிடுகின்றன.

வீட்டுப் படங்களில் ஒரு விஷயத்தை எல்லோரும் தவறவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ரிவர்சல் ஃபிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே சுருளைத்தான் கழுவி, திரையில் ஓட்டுகிற படமாக மாற்றிக் கொடுத்தார்கள். நெகடிவ் என்று ஒன்று எங்கேயும் கிடையாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது பிரதி இல்லை, அதுதான் மூலம், உலகத்தில் அது ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நான் என் முதல் ரீலை நாசம் செய்தேன்.

ஆறேழு வருஷம் இருக்கும். இணைய ஏலத்தில் ஒரு பெட்டி ரீல் வாங்கினேன், கூடவே ஒரு பழைய புரொஜக்டரும் வந்தது. வந்த அன்றைக்கே ராத்திரி விளக்கை அணைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டினேன். முதல் அரை நிமிடம் அற்புதம். ஒரு பாயிண்டர் நாய் புல்லுக்குள் முன்காலை மடக்கி வாலை விறைத்து நிற்கிறது, ஒருவர் மெல்ல நடந்து வருகிறார், அப்புறம் தறி ஓடினாற்போல ஒரு சத்தம். ஃபிலிம் சுருங்கியிருந்தது, புரொஜக்டரின் பல்லுக்கும் ஃபிலிமின் துளைக்கும் பொருந்தவில்லை, நான் சுவிட்சைத் தேடி அணைப்பதற்குள் பல அடி நீளத்துக்குத் துளை துளையாகக் கிழித்துக்கொண்டே போய்விட்டது. நூறு அடிக்கு ஒரு அடி சுருங்கினாலே, அதாவது ஒரு சதவீதம் ஆனாலே, பழைய புரொஜக்டரில் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அந்த நாய்க்கு முன்னால் எந்தப் பறவை எழுந்தது என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு ரீலையும் புரொஜக்டரில் போட்டதில்லை. கையால் சுற்றுகிற இரண்டு ரீவைண்டர், நடுவில் ஒரு வெளிச்சப் பலகை, ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான் என் தியேட்டர். விற்பவர்கள் "ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடுகிறது" என்று பெருமையாக எழுதும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தேடுவதைப் பற்றி. 'பறவை வேட்டை' என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் கிடைப்பது ஏற்கனவே பத்துப் பேர் பார்த்து விலை ஏறிப்போன ரீல்கள்தான். விற்பவர்களில் பாதிப்பேருக்குப் பறவை தெரியாது, ஆனால் நாய் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாய் இனங்களின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: செட்டர், பாயிண்டர், ஸ்பேனியல், ரிட்ரீவர். இன்னொன்று, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டை நம்பவே நம்பாதீர்கள். சிறு சிறு சுருளாக எடுத்ததை எல்லாம் பிறகு ஒரு பெரிய ரீலில் ஒட்டிச் சேர்த்துவிடுவார்கள், சீட்டில் முதல் சுருளின் பெயர் மட்டும் இருக்கும். 'கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருந்த ஒரு டப்பாவில் நாலு நிமிடம் குழந்தைகள் பரிசுப் பொட்டலம் பிரித்தார்கள், அதற்கப்புறம் ஏழு நிமிடம் மக்காச்சோளக் காட்டில் இருந்து ஃபெசன்ட் பறவைகள் எழுந்துகொண்டே இருந்தன. அதற்காகச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது, பொய் சொல்கிற சீட்டும் ஒரு சாட்சிதான். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் மூன்று கேள்வி: ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சாண் ஃபிலிமைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, டப்பாவில் புளித்த நெடி வருகிறதா, ஃபிலிமில் துளை ஒரு பக்கமா இரண்டு பக்கமா. 16 எம்எம்மில் இரண்டு பக்கமும் துளை இருந்தால் மௌனப் படம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கம் ஒலித்தடம் இருக்கலாம்.

35 எம்எம் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். 1950களின் தொடக்கம் வரை அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். தீப்பிடித்தால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும், தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. வீட்டில் வைக்கிற பொருள் இல்லை, ஒரு ஆவணக்காப்பகத்தைக் கூப்பிடுங்கள். 16, 8 எம்எம் வீட்டுப் படங்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, அவற்றை ஆரம்பத்திலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில்தான் செய்தார்கள், ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சடித்திருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை தேதி கண்டுபிடிப்பது. கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று பொடிப்பொடிக் குறிகள் இருக்கும், அந்த ஃபிலிம் தயாரான வருஷத்தைச் சொல்லும் குறி. வில்லங்கம் என்னவென்றால் அந்தக் குறிகள் 20 வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். மேலே சொன்ன நாணல் மறைவு ரீலில் இருந்த குறி 1933-க்கும் பொருந்தும், 1953-க்கும் பொருந்தும். எதை எடுப்பது? படத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். காரின் நம்பர் பலகையை வைத்து அமெரிக்கா என்று தெரிந்துவிட்டது. தண்ணீரில் மிதக்கிற பொம்மை வாத்துகளுக்கு நடுவில் நாலைந்து மட்டும் இறக்கையை உதறுகின்றன, கழுத்தை நீட்டிக் கத்துகின்றன, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. காலில் கயிறு. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மேலே போகிற கூட்டத்தை இறக்குகிற தந்திரம். பழந்தமிழில் இப்படிக் கட்டிவைக்கிற விலங்குக்கும் பறவைக்கும் 'பார்வை' என்றே பெயர், எவ்வளவு கச்சிதமான சொல் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசு நீர்ப்பறவை வேட்டையில் உயிர்ப் பார்வை வைப்பதை 1935-ல் தடை செய்தது. ஆகவே 1953-க்கு வாய்ப்பு மிகக் குறைவு, இது 1933 ஃபிலிம், எடுத்தது அதே வருஷமோ ஓரிரு வருஷம் கழித்தோ. ஓரக்குறி ஃபிலிம் தயாரான வருஷத்தைத்தான் சொல்லும், எடுத்த வருஷத்தை இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வண்ணத்திலும் துப்பு கிடைக்கும். கோடாக்ரோம் 16 எம்எம்மில் வந்தது 1935-ல். முதல் மூன்று வருஷம் செய்த முறையில் சாயம் நிற்கவில்லை, வெளுத்துவிடும். 1938-ல் முறையை மாற்றிய பிறகு வந்த கோடாக்ரோம் இருட்டில் வைத்திருந்தால் இன்றைக்கும் நேற்று எடுத்தாற்போல இருக்கும், ஃபெசன்ட் சேவலின் கழுத்துப் பச்சை அப்படியே கண்ணில் அடிக்கும். முழுக்க இளஞ்சிவப்பாக மாறிப்போன ரீல் வந்தால் அது வேறு வகை ஃபிலிம், நீலச்சாயம் போய்விட்டது. இதெல்லாம் பரவாயில்லை, ஏமாற்றுவது 1928-ல் வந்த கோடாகலர். பார்க்கக் கருப்பு வெள்ளை மாதிரியே இருக்கும், பூதக்கண்ணாடியில்தான் நெருக்கமான மெல்லிய வரிகள் தெரியும். வண்ணம் அந்த வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியாதவர் கையில் கொடுத்தால் கருப்பு வெள்ளை என்று ஸ்கேன் செய்து திருப்பித் தந்துவிடுவார்.

இந்தப் படங்களில் ஒரு விசித்திரம் உண்டு, ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. நாய் அசையாமல் நிற்கும், மனிதர் நடப்பார், இதோ பறவை எழப்போகிறது என்கிற இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு வேறு வயல் வந்துவிடும். யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். காரணம் சாவி. அந்தக் காலத்துக் கேமராக்களுக்குக் கடிகாரம் மாதிரி சாவி கொடுக்க வேண்டும், முழுச் சாவிக்கு அரை நிமிடம் ஓடும், கொஞ்சம் கூடக்குறைய. நாய் நின்றதும் ஆசையில் விசையை அழுத்திவிடுவார்கள். பாப்வைட் என்கிற அமெரிக்கக் காடைகள் எழுவதற்குத் தயாராக இருக்காது, சாவி தீர்ந்துவிடும். மறுபடி முறுக்கிக்கொண்டிருக்கும்போது பத்துப் பன்னிரண்டு காடை ஒரே நேரத்தில் குண்டு வெடித்தாற்போலச் சிதறும், அதற்கப்புறம் கேமராவைத் தூக்கினால் புகையும் புல்லும்தான். அதனால் காடைக் கூட்டம் எழுகிற காட்சி முழுசாகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் அந்தக் கேமராக்காரர் பல சுருள் வீணாக்கியிருக்கிறார் என்று அர்த்தம், அவருக்கு ஒரு கும்பிடு.

இப்போது கஷ்டமான பகுதி. அநேகமாக எல்லா ரீலிலும் கடைசியில் ஒரு வரிசை வரும். கொன்ற பறவைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோ, காரின் முன்பக்கத்தில் அடுக்கியோ, நடுவில் நின்று சிரிப்பார்கள். சில ரீல்களில் எண்ணவே முடியாது. முதல் தடவை பார்த்தபோது சாப்பிட முடியவில்லை, இப்போதும் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் என்னிடம், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். கூடாது. ஒரு காலத்தில் ஒரு நாளில் எத்தனை சுட்டார்கள், எந்த இனம் எவ்வளவு இருந்தது, ஆணா பெண்ணா, எல்லாம் அந்த வரிசையில்தான் தெளிவாகத் தெரிகிறது. பறவை அசையாமல் இருப்பதும் அங்கே மட்டும்தான்.

வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, எதிர்த்திசையில் வெட்டியவர்களும் உண்டு. ஒரு குடும்பத்தின் ரீல்கள் மொத்தமாக என்னிடம் வந்தன. பிள்ளைகளில் ஒருவர் எப்போதோ எல்லாவற்றையும் வெட்டி 'சிறந்தவை' என்று ஒரு ரீல் செய்திருந்தார். பார்த்தேன். டுமீல், விழுகிறது. டுமீல், விழுகிறது. டுமீல். பதினோரு நிமிடம் அதுவேதான். அஞ்சே நிமிடத்தில் கொட்டாவி வந்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒரு காகித உறையில் அவர் வெட்டிப் போட்ட துண்டுகள் இருந்தன, நல்லவேளை தூக்கி எறியவில்லை. வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தால் நடை, வேலி தாண்டுவது, யாரோ செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டுவது, காலியான வானம், கேமராவைக் கீழே இறக்க மறந்ததில் பதிவான புல். அந்தப் புல்லுக்குத்தான் விலை. பாப்வைட் காடை அமெரிக்காவில் கடந்த அரை நூற்றாண்டில் மிகக் கடுமையாகக் குறைந்துபோன பறவை, காரணங்களில் முக்கியமானது அது வாழ்ந்த களை மண்டிய வயல் ஓரமும் வேலிப் புதரும் காணாமல் போனது. அந்த ஓரம் எவ்வளவு அகலமாக இருந்தது, என்ன செடி, பைன் மரங்களின் அடிப்பகுதி கருகியிருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் துண்டுகளில் இருந்தது. கருகலைப் பற்றி ஏன் பார்க்கிறேன் என்றால், 1920களில் ஜார்ஜியா, ஃபுளோரிடா எல்லையில் காடையை ஆராய்ந்த ஹெர்பெர்ட் ஸ்டோடார்ட், அளவோடு நெருப்பு வைத்துக் கீழ்ப்புதரை எரிப்பது காடைக்கு நல்லது என்று சொன்னவர், வனத்துறைக்காரர்கள் நெருப்பென்றாலே பதறிய காலத்தில். அது உண்மையாகவே நடந்த காடு எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தது யாரோ வேண்டாம் என்று வெட்டிப்போட்ட ஒரு முழ ஃபிலிமில்.

பிரபலமான உதாரணமும் இருக்கிறது, வேட்டைப் படம் இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியாது. மெக்சிகோவின் மலைக்காடுகளில் இம்பீரியல் மரங்கொத்தி என்று ஒன்று இருந்தது, மரங்கொத்திகளிலேயே பெரியது, அழிந்ததற்குக் காடு வெட்டியதோடு சுட்டுத் தீர்த்ததும் காரணம். அது உயிரோடு அசைவதாக நமக்குத் தெரிந்த ஒரே படம் 1956-ல் வில்லியம் ரைன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் துராங்கோ மாநிலத்தில் எடுத்தது. 16 எம்எம், வண்ணம், 85 விநாடி, கோவேறு கழுதை மேல் உட்கார்ந்துகொண்டு கையில் பிடித்து எடுத்தது, ஆடுகிற ஆட்டத்தில் தலை சுற்றும். பல வருஷம் வீட்டிலேயே கிடந்தது. மார்ட்யன் லாமர்டிங்க் என்ற ஆய்வாளர் ஒரு பழைய கடிதத்தில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்க் கண்டுபிடித்தார், 2011-ல் உலகம் பார்த்தது. அதேபோல ஹீத் ஹென் என்ற கோழி இனம், வேட்டையில் குறைந்து குறைந்து மாசசூசெட்ஸின் ஒரே ஒரு தீவில் ஒதுங்கி, கடைசிப் பறவையை 1932-ல் பார்த்ததோடு முடிந்துபோனது. அது ஆடுகிற ஆட்டத்தை இன்றைக்கு நாம் பார்க்க முடிகிறதென்றால் 1918 வாக்கில் எடுத்த ஒரு மௌனப் படத்தால்தான்.

பாதுகாப்பதில் முதல் எதிரி காடி நெடி. அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், மூடின டப்பாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து டப்பாவுக்கும் பரவும், அதனால் நெடி வருகிற ரீலைத் தனியாக வைத்துவிடுங்கள். மூக்கை மட்டும் நம்பாமல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் செய்கிற, அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி பட்டைகளை வாங்கி டப்பாவுக்குள் போட்டு வைக்கலாம். நீலமாக இருந்தால் நலம், பச்சைக்குப் போனால் கவனம், மஞ்சளானால் உடனே ஸ்கேனுக்கு ஓடுங்கள். அவர்கள் கணக்கில் 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிடேட் ஃபிலிமுக்குச் சிதைவு தொடங்க சுமார் 40 வருஷம். நம் கையில் இருப்பவற்றுக்கோ எண்பது, தொண்ணூறு வயது, அதிலும் பரணில் வெந்தவை. குளிரும் வறட்சியும்தான் ஒரே மருந்து. துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து எடுத்துக் காற்றுப் போகிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, உறையவைக்கும் பெட்டியில் வைப்பதென்றால் ஈரம் புகாத உறை இரண்டு போட்டு வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாள் முழுக்க, உறையைத் திறக்காதீர்கள், ஃபிலிம் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பழைய டப்பாக்கள் சிலவற்றில் ஈரம் கொடுக்க ஒரு அட்டை இருக்கும், ஃபிலிம் காய்ந்துவிடாமல் இருக்க நனைத்து வைக்கச் சொன்ன காலம் அது. நல்லெண்ணத்தில் செய்த கெடுதல், எடுத்துவிடுங்கள்.

நம் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலை வந்தால் கொடுப்பதற்கு இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் பக்ஸ்போர்ட்டில் 1986-லிருந்து இயங்குகிற நார்த்ஈஸ்ட் ஹிஸ்டாரிக் ஃபிலிம், இங்கிலாந்தில் 1976-ல் தொடங்கிய கிழக்கு ஆங்கிலியத் திரைப்பட ஆவணக்காப்பகம் போன்ற வட்டார அமைப்புகள் வீட்டுப் படங்களை மதித்து வாங்குகிறவை. படம் எந்த ஊரில் எடுத்ததோ அந்த வட்டாரத்துக்கே அனுப்புவது உத்தமம், அங்கே உள்ளவர்களுக்குத்தான் அந்தக் குன்று எந்தக் குன்று என்று தெரியும். 2003-லிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் ஹோம் மூவி டே என்று பல ஊர்களில் நடத்துகிறார்கள், ரீலை எடுத்துப் போனால் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: ரீலை வாங்கினால் ரீல்தான் உங்களுடையது, பதிப்புரிமை இல்லை. வெளியிடாத படத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 70 வருஷம், எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால் எடுத்த நாளிலிருந்து 120 வருஷம். குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்டவரை யாரும் மறுத்ததில்லை, ஒருவர் மட்டும் தாத்தா முகத்தைப் பார்த்து அழுதார்.

இனி ஸ்கேன், அதாவது வாத்துகள் காணாமல் போன கதை. 400 அடி 16 எம்எம் ரீலில் அடிக்கு 40 வீதம் 16,000 ஃபிரேம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்கிற ஸ்கேனர்தான் வேண்டும், பல் இல்லாமல் உருளையில் நகர்த்துவதாக இருந்தால் சுருங்கிய ஃபிலிமுக்கு நல்லது. விளிம்பு, துளை எல்லாம் தெரிகிற மாதிரி அகலமாக எடுக்கச் சொல்லுங்கள், தேதிக்குறி அங்கேதானே இருக்கிறது. வேகத்தைக் கேளுங்கள். மௌன வீட்டுப் படம் பெரும்பாலும் விநாடிக்கு 16, அதை 24-ல் ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடிப் படம் 11 நிமிடத்தில் முடிந்துவிடும், தாத்தா ஓட்டமாக நடப்பார், வாத்து ராக்கெட்டாகும். சுருக்காத கோப்பு பெரிதாகத்தான் இருக்கும், 2கே தெளிவில் டிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் எடுத்தால் அந்த ஒரு ரீலே 200 ஜிபி. வேறு வேறு இடத்தில் மூன்று பிரதி வையுங்கள். ரீலை எறிந்துவிடாதீர்கள், ஸ்கேனர்கள் வருஷா வருஷம் முன்னேறுகின்றன, ரீல் ஒன்றுதான்.

'சுத்தம்' மட்டும் வேண்டவே வேண்டாம். தூசி நீக்கும் மென்பொருள் எப்படி யோசிக்கிறது என்றால், ஒரு ஃபிரேமில் ஒரு புள்ளி இருக்கிறது, முந்தின ஃபிரேமிலும் அடுத்த ஃபிரேமிலும் அதே இடத்தில் இல்லை, அப்படியானால் தூசி. பக்கத்து ஃபிரேமில் இருந்து வானத்தை எடுத்து அங்கே ஒட்டிவிடும். தூரத்தில் வேகமாகப் போகிற வாத்தும் சரியாக அப்படித்தானே இருக்கும். போதாக்குறைக்கு, நெகடிவில் ஒட்டிய தூசி பிரதியில் வெள்ளையாக விழும், ரிவர்சல் ஃபிலிமில் ஒட்டிய தூசி கருப்பாகத் தெரியும். பறவையும் கருப்பு, தூசியும் கருப்பு. செயற்கை நுண்ணறிவை வைத்துக் கூர்மையாக்கி, வண்ணம் பூசி, விநாடிக்கு 60 ஃபிரேம் ஆக்குகிற கூத்து இன்னும் மோசம், எட்டுப் புள்ளியாக இருந்த ஒரு வாத்துக்கு அது தானாக இறகு வரைந்து வைக்கும், அந்த இறகைப் பார்த்து நான் இனம் சொன்னால் என்னைவிட முட்டாள் கிடையாது. ஃபிலிமை முறையாகக் கையால் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்தால் பாதித் தூசி போய்விடும், மீதி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார், நானும் பார்த்துப் பூரித்தவன்தானே. இப்போது தினமும் ராத்திரி நானும் மனைவியும் அழுக்குக் கோப்பை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணிக்கொண்டிருக்கிறோம். தூசி ஒரு ஃபிரேமோடு போய்விடும், பறவை அடுத்த ஃபிரேமில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி மறுபடி வரும், அதுதான் எங்கள் கணக்கு. நான் எண்ணியதில் 34 வாத்து. அவள் எண்ணியதில் 36. நாணல் நுனிக்கு மேலே தாழ்வாக இருக்கிற இரண்டு புள்ளிகள்தான் தகராறு. அடுத்த ஃபிரேமில் இரண்டையும் காணோம், அதற்கடுத்த ஃபிரேமில் ஒன்று மட்டும் இருக்கிறது.